தங்கம் போச்சு... மண் இருக்கு!

கோலார் தங்கவயலில் 3.3 கோடி டன் சுரங்கக் கழிவு குவிந்து கிடக்கிறது. ஊர் ஊராகக் காயலான் கடைகளில் விலைபோகாத கண்ணாடி உடைசல் குவிகிறது. இரண்டையும் சூளையில் சேர்த்தால் செங்கல் ஆகும், ஓடு ஆகும், வேலையும் ஆகும்.

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால், உச்சி மட்டமாக வெட்டிவிட்டது போன்ற மேடுகள் கண்ணில் படும். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். பக்கவாட்டில் மழை அரித்த ஆழமான கோடுகள். மரம் கிடையாது, அங்கங்கே புதர்தான். இவை இயற்கையான குன்றுகள் அல்ல. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி வெட்டிய பாறையை மாவாக அரைத்து, அதிலிருந்த தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்ட பிறகு கொட்டிய மண். ஊரில் கேட்டால் சயனைடு மேடு என்பார்கள்.

மொத்தம் 13 மேடுகள். பரப்பு ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகம். எடை சுமார் 3.3 கோடி டன்.

2024 ஜூன் மாதம் இந்த மேடுகள் மறுபடி செய்தியில் வந்தன. மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. சுரங்கம் மூடிக் கிடக்கும் ஊருக்கு விடிவு வந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஒரு கிராம் என்றே வைத்துக்கொண்டு, ஒரு துளி விடாமல் வழித்தெடுத்தாலும் மொத்தம் 33 டன். மிச்சம் எவ்வளவு? அதே 3.3 கோடி டன். தங்கம் போனாலும் மேடு ஒரு சாண்கூடக் குறையாது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நகருக்குள் நின்ற பழைய சுரங்க மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, குழாய் வழியே ஆலைக்கு அனுப்பித் தங்கம் எடுக்கிறார்கள். நகரத்து நிலம் மீள்கிறது, அது நல்லதுதான். ஆனால் தங்கம் எடுத்த மண் ஊருக்கு வெளியே இன்னொரு பெரிய மேடாகப் போய் உட்காருகிறது. மேடு இடம் மாறியது, அவ்வளவே.

ஆகவே தங்கவயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இவ்வளவு மண்ணை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கான பதிலில் கணிசமான பங்கு பீங்கான் அறிவியலிடம் இருக்கிறது.

மேடு வளர்ந்த கதை

1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. 1956-ல் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் இந்த ஊர் கொடுத்த தங்கம் சுமார் 800 டன்.

அந்தத் தங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கங்களிலிருந்தும், சித்தூர் பக்கத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம், கோரமண்டல் என்று சுரங்கத்தைச் சுற்றி லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். பாறை வெடித்துச் சரியும் விபத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஏர்பிளாஸ்ட். அந்தச் சத்தம் கேட்டால் ஊரே ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும்.

மேலே வந்த பாறையை ஆலையில் நொறுக்கி, அரைத்து, மாவாக்கினார்கள். 1887-ல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகத்தின் தங்கச் சுரங்கங்களைப் பிடித்துக்கொண்டது. நீர்த்த சயனைடு கரைசலில் பாறை மாவை ஊறவைத்தால் தங்கம் கரைசலுக்குள் இறங்கிவிடும். பிறகு துத்தநாகத்தைக் கொண்டு அதைப் பிரித்துவிடலாம். தங்கம் இழந்த சேற்றுக் குழம்பைத் திறந்த வெளிக்குத் தள்ளினார்கள். காய்ந்தது. அதன்மேல் மறுபடி தள்ளினார்கள். மேடு வளர்ந்தது இப்படித்தான்.

இந்த மாவு அரைபட்டதற்கு ஒரு விலை உண்டு. 1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,600-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, சுமார் 44 சதவீதம் பேருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, சதையை இறுக்கி, மூச்சை மெல்ல மெல்ல நிறுத்தும் நோய் அது. இந்தியாவில் அந்த நோயின் வரலாற்றில் தங்கவயலுக்கு முக்கிய இடம் உண்டு. கோடைக்காற்று வீசும்போது அதே நுண்தூள் மேட்டிலிருந்து கிளம்பி, இன்றைக்கும் வீட்டுக் கூரையிலும் துவைத்துப் போட்ட துணியிலும் படிகிறது.

பீங்கான் தொழிலில் செலவும் மின்சாரமும் அதிகம் பிடிக்கும் வேலைகளில் ஒன்று, கல்லை வெட்டி எடுத்து நுண்மாவாக அரைப்பது. தங்கவயலில் அந்த வேலை முடிந்துவிட்டது. முடித்தவர்கள் யார், எதைக் கொடுத்து முடித்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த மண்ணைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பீங்கான் சேர்மானத்தில் மூன்று கூட்டாளிகள். வடிவத்துக்குப் பிடித்துக் கொடுப்பது களிமண். சுடும்போது உடல் தளராமல் நிற்க வைப்பது குவார்ட்ஸ். உருகி எல்லாவற்றையும் ஒட்ட வைப்பது ஃபெல்ஸ்பார். செங்கல்லில் தொடங்கி வாஷ்பேசின், மின்கம்பத்து இன்சுலேட்டர் வரை இந்த மூன்றின் விகிதம் மாறி மாறி வருவதுதான்.

தங்கவயல் பாறை குவார்ட்ஸ் நரம்புகள் ஓடிய கருநிற ஆம்பிபோலைட். அதை அரைத்த மாவில் சிலிக்கா பெரும்பங்கு. கூடவே அலுமினா, இரும்பு, சுண்ணாம்பு, மக்னீசியா. இவை அனைத்தும் சூளைக்குப் பழக்கமான சரக்குகள். இல்லாதது பிடிப்பு மட்டும். இந்த மண்ணை நனைத்து உருட்டினால் உருண்டை நிற்காது, காய்ந்தால் உதிரும்.

இதற்கு நேர்மாறான குணம் கரிசல் மண்ணுக்கு. பிடிப்பு அளவுக்கு மீறி உண்டு. அறுத்த பச்சைக்கல் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். அதனால்தான் செங்கல் அறுக்கிறவர்கள் கரிசலைக் கண்டால் ஒதுங்குவார்கள். சுரங்கக் கழிவைக் கரிசலோடு கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. மணல்துகள் இடையில் நிற்பதால் சுருக்கம் குறைகிறது. களிமண் சுற்றிப் பிடிப்பதால் துகள் உதிர்வதில்லை.

இது காகிதத்தில் போட்ட யோசனை அல்ல. தங்கவயலிலேயே இயங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். மேட்டு மண்ணைச் சிமென்டோடு கலந்து ஒரு வகைக் கல், கரிசலோடும் செம்மண்ணோடும் கலந்து சுட்ட இன்னொரு வகைக் கல். 20 சதவீதம் சிமென்ட் சேர்த்து, 14 நாள் தண்ணீரில் வைத்த கல் தரத்தில் தேறியது, விலையில் தோற்றது. மண் கலந்து சூளையில் சுட்ட கல் விலையிலும் கட்டுபடியாகும் என்று கண்டார்கள். சிமென்ட் வாங்க வேண்டாம், சூளை போதும் என்பதுதான் அந்த ஆய்வு காட்டிய வழி.

அதற்கும் முன்பே, 2000-ல், ஜாம்ஷெட்பூரில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வகம் இரும்புத்தாதுக் கழிவில் தரை ஓடும் சுவர் ஓடும் செய்து காட்டியது. ஓட்டின் எடையில் 40 சதவீதம் வரை கழிவு. ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில்தான் நாம் இருபது ஆண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறோம்.

கோலார் ஏரிகளின் மாவட்டம். தூர்வாரும் ஏரியில் எடுக்கும் வண்டல் களிமண்ணே கழிவுக்குக் கூட்டாளியாகலாம். வயல் மேல்மண்ணைச் சுரண்டிச் செங்கல் அறுக்கும் கொடுமையும் அந்த அளவுக்குக் குறையும். எந்த ஏரி வண்டல் எந்த விகிதத்தில் ஒத்துப்போகும் என்பதைச் சோதித்துச் சொல்லும் வேலை, பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடியது.

கண்ணாடி எதற்கு?

இங்கேதான் இரண்டாவது கழிவு உள்ளே வருகிறது.

பாட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாம் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. சிலிக்கா 70 சதவீதத்துக்குச் சற்று மேல், சோடா 12 முதல் 15, சுண்ணாம்பு சுமார் 10. சோடா இருப்பதால் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கண்ணாடி இளகத் தொடங்கிவிடும். ஃபெல்ஸ்பார் உருகுவதற்கு 1,100 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆகவே ஃபெல்ஸ்பாரில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கண்ணாடித் தூளைப் போட்டால், குறைந்த சூட்டிலேயே கல் வெந்துவிடுகிறது.

சூளைக்குள் நடப்பது இதுதான். இளகிய கண்ணாடி துகள்களுக்கு இடையில் ஊர்ந்து, சந்துகளை நிரப்பி, பரப்பு இழுவிசையால் துகள்களை நெருக்கி இழுக்கிறது. ஆறும்போது இறுகி, அவற்றை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பொரி உருண்டையில் வெல்லப்பாகு செய்யும் வேலை. பாகு குறைந்தால் உருண்டை உதிரும், கூடினால் கையோடு ஒட்டிக் குழையும். கண்ணாடிக்கும் அதே கதி: அளவு மீறினால் கல் சூளையிலேயே வளையும், உப்பும். சோடா மிகுந்து சுவரில் உப்புப் பூக்கவும் செய்யும். செங்கல் சேர்மானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வைத்துச் சோதனையைத் தொடங்குவதுதான் முறை.

சரியான அளவில் சேர்த்தால் கல்லின் சந்துகள் குறைகின்றன, தண்ணீர் குடிப்பது குறைகிறது, வலு கூடுகிறது. சூளையின் சூட்டைக் குறைக்க முடிவதால் விறகோ நிலக்கரியோ மிச்சமாகிறது. செங்கல் தொழிலில் எரிபொருள்தான் முதலாளியின் தலைவலி. அங்கே மிச்சம் காட்டாத எந்த நல்ல யோசனையும் காளவாய்ப் பக்கம் எடுபடாது.

ஆனால் எல்லாக் கண்ணாடியையும் சூளைக்கு அனுப்பக் கூடாது. முழு பாட்டில் கழுவி மறுபடி பாட்டிலாகவே போக வேண்டும். நிறம் பிரித்த சுத்தமான உடைசல் கண்ணாடி உலைக்கே திரும்பப் போக வேண்டும். அங்கே பத்து சதவீதம் உடைசல் சேர்த்தால் எரிபொருளில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் மிச்சமாகிறது. சூளைக்கு வர வேண்டியது உலை ஒதுக்கியது: நிறங்கள் கலந்தது, கல்லும் பீங்கான் சில்லும் சேர்ந்தது, சல்லடையில் விழுந்த பொடி. கண்ணாடி உலைக்குள் ஒரு பீங்கான் சில்லு போனாலும் அது உருகாமல் பாட்டில் சுவரில் நின்று, பாட்டிலை உடைய வைக்கும். செங்கல்லுக்கு அந்தச் சில்லால் ஒரு கேடும் இல்லை.

பழைய டிவி குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு, டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. இவை இரண்டும் சூளை வாசலுக்கே வரக் கூடாது. இனி மலைபோல் வரப்போகும் சோலார் பலகைக் கண்ணாடியில் சில வகைகளுக்கு ஆன்டிமனி சேர்ப்பதால், அதையும் சோதிக்காமல் எடுக்கக் கூடாது.

செங்கல்லுக்கு மேல்

கழிவில் செங்கல் செய்வது முதல் படி. அதைவிட மதிப்புள்ள பொருள்களுக்கும் வழி இருக்கிறது, அந்த வழிக்கு வயது கிட்டத்தட்ட முந்நூறு.

1739-ல் பிரெஞ்சு அறிவியலாளர் ரெய்மூர் கண்ணாடி பாட்டில்களை மணலும் ஜிப்சமும் நிரப்பிய பெட்டியில் புதைத்து, நாள்கணக்கில் செஞ்சூட்டில் வைத்தார். வெளியே வந்தவை ஒளி ஊடுருவாத, பீங்கான் போன்ற பாட்டில்கள். கண்ணாடிக்குள் படிகங்கள் வளர்ந்திருந்தன. ஆனால் அவை வலுவில்லாமல் உருக்குலைந்திருந்தன.

அந்த முடிச்சு அவிழ்ந்தது 1953-ல். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி 600 டிகிரியில் சூடாக்க நினைத்த கண்ணாடி, உலைக் கட்டுப்பாடு பழுதானதால் 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிக் கிடக்கும் என்று திறந்தால் வெள்ளைப் பலகையாக நின்றது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிப் பீங்கான் என்ற புதிய பொருள் வர்க்கமே அங்கிருந்து பிறந்தது. உருக்கி வார்க்கும்வரை கண்ணாடி. பிறகு கணக்காகச் சூடேற்றினால் உள்ளே கோடிக்கணக்கான நுண்படிகங்கள் முளைத்து, கண்ணாடியைவிடப் பல மடங்கு வலுவான பொருள்.

இதைக் கழிவுக்குப் பொருத்தியவர்கள் சோவியத் பொறியாளர்கள். 1960-களில் உக்ரைனின் கான்ஸ்டன்டினோவ்காவில், இரும்பு உலைக் கசடை உருக்கிக் கண்ணாடிப் பீங்கான் பலகைகளாகத் தொழிற்சாலை அளவில் செய்தார்கள். தேய்மானம் தாங்கும் அந்தப் பலகைகள் ஆலைத் தரைகளுக்கும் கட்டடச் சுவர்களுக்கும் போயின.

தங்கவயல் கழிவின் சேர்மானம் எரிமலைப் பாறையான பசால்ட்டுக்கு உறவு. பசால்ட்டை உருக்கி வார்த்த ஓடுகளை ஐரோப்பாவில் பல தலைமுறைகளாகச் செய்கிறார்கள். அனல்மின் நிலையங்களில் சாம்பல் ஓடும் குழாய்களின் உட்புறத்துக்கு அதைப் பதிப்பார்கள், இரும்பைவிட மெதுவாகத் தேயும். கழிவோடு கண்ணாடி உடைசலைச் சேர்த்து உருக்கினால் உருகும் சூடு இறங்கும், கண்ணாடியாக்குவதும் எளிது. அதில் இருக்கும் இரும்பு படிகம் முளைக்கவும் உதவும்.

உருக்காமலும் ஒரு வழி உண்டு. கண்ணாடித் தூளில் சிறிது சுண்ணாம்புக் கல்லோ கரியோ கலந்து 800 டிகிரியை ஒட்டிச் சூடேற்றினால், வெளிவரும் வாயு இளகிய கண்ணாடியை நுரைக்க வைக்கும். ஆறினால் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் சாலை அடித்தளத்துக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் இதைக் கொட்டுகிறார்கள். நம் ஊரில் மொட்டை மாடிக்கு மேல் பரப்பினால் கோடை வெப்பம் வீட்டுக்குள் இறங்குவது குறையும்.

பயம் நியாயமானது

சயனைடு மேட்டு மண்ணில் செய்த கல்லை வைத்து வீடு கட்டுவதா என்று எந்தத் தாயும் கேட்பார். கேட்க வேண்டும்.

சயனைடைப் பொறுத்தவரை வெயிலும் காற்றும் காலமும் அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன, மிஞ்சியதைச் சூளைச் சூடு அழித்துவிடும். உண்மையான கவலை உலோகங்கள். தங்கத்தாதுக்களோடு ஆர்செனிக் வருவது உலகமெங்கும் உள்ள வழக்கம். தங்கவயலின் மேற்குப் பக்கத்துத் தாது நரம்புகளில் கந்தகக் கனிமங்களும் உண்டு. எல்லா மேடும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொன்றையும் ஆழம் வாரியாகத் துளைத்து, சோதித்து, எது சூளைக்கு, எது தொடவே கூடாது என்று வகைபிரிக்க வேண்டும்.

சுட்ட பிறகு உலோகங்கள் கண்ணாடிக்குள்ளும் படிகங்களுக்குள்ளும் சிறைப்படுகின்றன என்பதுதான் பீங்கானின் பலம். கண்ணாடித் தூள் சேர்ப்பதால் அந்தச் சிறை இன்னும் இறுகுகிறது. ஆனால் நம்பிக்கை போதாது, சோதனை வேண்டும். கல்லைப் பொடித்து நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் உருட்டி, கரைந்து வரும் உலோகத்தை அளக்கும் முறை உலகமெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு சூளை அடுக்குக்கும் இந்தச் சோதனைச் சீட்டு இல்லாமல் ஒரு கல்கூட வெளியே போகக் கூடாது.

ஆர்செனிக் சூளைச் சூட்டில் ஆவியாகிப் புகையோடு போகக்கூடியது. கந்தகமும் அப்படியே. எனவே இந்த வேலைக்குத் திறந்தவெளிக் காளவாய் ஆகாது. புகையைப் பிடித்து வடிகட்டும் நவீனச் சூளைதான் வேண்டும். மண்ணை அள்ளும் இடத்தில் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே ஏற்றி, ஈரமாகவே கலக்க வேண்டும். பாட்டனின் நுரையீரலைத் தின்ற தூளைப் பேரனுக்கும் ஊட்டிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைத்தால், அதைவிடப் பாவம் வேறில்லை.

அளவு கடந்த மண்

இனி இன்னொரு கணக்கு. ஒரு செங்கல் 3 கிலோ. அதில் பாதி மேட்டு மண் என்றால் ஒன்றரைக் கிலோ. நாளுக்கு ஒரு லட்சம் கல் சுடும் ஆலை 150 டன் கழிவை எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 45,000 டன். 3.3 கோடி டன் தீர 700 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படிப் பத்து ஆலைகள் ஓடினால் எழுபது ஆண்டு.

இதைப் பார்த்து மலைத்துப்போக வேண்டியதில்லை. 120 ஆண்டு குவித்ததை எழுபது ஆண்டில் கரைப்பது மோசமான பேரம் அல்ல. எழுபது ஆண்டு என்றால் மூன்று தலைமுறைக்கு வேலை. ஆனால் செங்கல் ஒன்றே தீர்வு என்று யாரும் மேடை போட்டுச் சொல்ல முடியாது என்பதையும் இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்வதுபோல், கழிவில் சிமென்ட் சேர்த்துக் குழைத்துப் பழைய சுரங்கக் குழிகளையே நிரப்புவது ஒரு பங்கு எடுக்கும். சாலை அடித்தளம் ஒரு பங்கு எடுக்கும். எடுக்க முடியாத மேட்டுக்கு மண் போர்த்தி, புல் வைத்து, தூளை அடக்க வேண்டும்.

சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டரில் பெங்களூரு, கட்டடம் எழும்பாத நாளில்லாத ஊர். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் இளைஞர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து அந்த ஊருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள். செங்கல் அந்த ரயில்பாதையில் போகட்டும். பெங்களூருவின் கண்ணாடி உடைசல் அதே பாதையில் வரட்டும். ஆட்களுக்கு வேலை ஊரிலேயே இருக்கட்டும்.

சாம்பல் தந்த பாடம்

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பல் பதில் சொல்லும். 1996-97-ல் நாட்டில் உண்டான உலர்சாம்பலில் பயன்பட்டது பத்து சதவீதத்துக்கும் கீழ். மிச்சமெல்லாம் குளங்களில் கொட்டப்பட்டது. 1999-ல் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டது: அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்கிறவர்கள் சாம்பல் கலந்தே ஆக வேண்டும். பிறகு அந்தத் தொலைவு 100 ஆனது, 2016-ல் 300 ஆனது. சாம்பல் கல்லுக்குத் தர அளவுகோல் வந்தது. அரசுக் கட்டடங்கள் அதை வாங்கின. 2021-22-ல் பயன்பாடு 95 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் சாம்பல் கல் வைத்துக் கட்டாத தெருவைக் காண்பது அரிது.

சாம்பல் தானாக மாறவில்லை. சட்டம் வந்தது, தர அளவுகோல் வந்தது, வாங்குகிறவர் வந்தார். சுரங்கக் கழிவுக்கு இந்த மூன்றும் இன்னும் வரவில்லை. கழிவை அப்படியே விட்டுவைப்பதன் விலை என்ன என்பதை உலகம் 2019 ஜனவரி 25-ல் பார்த்தது. பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து, சேறு 270 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் அந்தச் சுரங்க நிறுவனம் கழிவில் கட்டடக் கல் செய்யும் ஆலையைத் திறந்தது. பிணம் விழுந்த பிறகு திறக்கும் ஆலை நமக்கு வேண்டாம்.

மண் யாருக்கு?

இந்தியாவில் இதற்குத் தேவையான அறிவு சிதறிக் கிடக்கிறது, இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் 1950 முதல் இயங்கும் மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஜாம்ஷெட்பூர் ஆய்வகம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிப்பிக்கும் அரசு நிறுவனமும், பீங்கான் சூளைகளோடு வளர்ந்த தொழிலாளர் கூட்டமும் இருக்கின்றன. தங்கவயல் இளைஞர்கள் ஆறு மாதம் விருத்தாசலத்தில் தங்கிச் சூளை வேலை கற்றால், மொழிச் சிக்கல்கூட இருக்காது.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. 13 மேடுகளின் சோதனை முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊர்மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முதலில் ஒரு சோதனை ஆலை, அதில் கழிவும் வண்டலும் கண்ணாடித் தூளும் கலந்த கல்லுக்கும் ஓட்டுக்கும் சேர்மானம் உறுதியாக வேண்டும். அந்தக் கல்லுக்குத் தர முத்திரை கிடைக்க வேண்டும். சுற்றுவட்டார அரசுக் கட்டுமானங்கள் அதில் ஒரு பங்கை வாங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு வேண்டும். ஆலையில் முதல் உரிமை, சுரங்கம் மூடியபோது வேலை இழந்த குடும்பங்களின் கூட்டுறவுக்கு வேண்டும்.

கடைசிக் கோரிக்கைதான் முதன்மையானது. 800 டன் தங்கம் இந்த ஊரிலிருந்து போனது. அதில் லைன் வீட்டுக்கு வந்தது கூலியும் இருமலும். மிச்சமிருக்கிற மண்ணும் வெளியூர் ஒப்பந்தக்காரர் லாபமாகப் போய், ஊருக்கு மறுபடி தூள் மட்டும் மிஞ்சினால் அது இரண்டாவது சுரண்டல். சூளையும் கண்ணாடியும் அறிவியலும் அந்தச் சுரண்டலைத் தானாகத் தடுத்துவிடாது. எழுதி வைத்த உரிமைதான் தடுக்கும்.

தங்கம் எடுக்க ஒப்பந்தப் பத்திரம் தயாராகும்போதே, தங்கம் போன பின் நிற்கும் மண் எந்தச் சூளைக்குப் போகும், எத்தனை ஆண்டில் போகும், அங்கே யார் வேலை செய்வார்கள், யார் பங்குதாரர் என்ற நான்கையும் அதில் எழுத வேண்டும். அந்த வரிகள் இல்லாத பத்திரத்தில் எந்த அரசும் கையெழுத்துப் போடக் கூடாது. தங்கவயல் மக்களும் அதை ஏற்கக் கூடாது.